ஏழாம் நம்பர் இருந்த இடம்

மரிய செல்வத்துக்கு என்ன வேலை என்று குன்னத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் சொல்வார்கள். "அவரா? நரிப்பீ பொறுக்குறவருங்க." அதற்காக அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. பொய்யா சொல்லிவிட்டார்கள்? ஐம்பத்தொரு வயதில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, சீமைக்கருவேலங்காட்டுக்குள் குனிந்து நுழைந்து, நரியின் எச்சத்தைக் குச்சியால் எடுத்துக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதுகிற மனுஷனை வேறு என்னவென்று சொல்வது?

சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. படிப்பு பத்தாவது. இருபத்தாறு வருஷம் ஒரு தனியார் சர்வேயரிடம் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தார். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் அவர் கால் படாத வரப்பு குறைவு. சர்வேயர் கண்ணை மூடியதும் அந்தப் பிழைப்பு போயிற்று. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே மனைவி ஆரோக்கியம் போய்ச் சேர்ந்திருந்தாள். ஒரே மகள் ஷாலினி மேரி நர்ஸ் வேலைக்குக் குவைத் போய், கல்யாணமும் ஆகி, அங்கேயே இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துப் போன் போடுவாள். "நல்லா இருக்கியாப்பா?" "இருக்கேம்மா." "மாத்திரை போடுறியா?" "போடுறேன்." நாலு நிமிஷம் ஆகும். கேட்க வேண்டியதெல்லாம் போனை வைத்த பிறகுதான் இவருக்கு ஞாபகம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் சிந்து வந்தாள். கர்நாடகத்தில் ஓநாய்களுக்குக் கழுத்துப்பட்டை கட்டி, அவை எதைக் கொல்கின்றன, எதைத் தின்கின்றன என்று மூன்று வருஷம் அலைந்து படித்த பெண். அதே முறையில் நம் பக்கத்து நரிகளைப் படிக்க வேண்டும் என்று வந்திருந்தாள். மேப் பார்க்கத் தெரிந்த, நடக்க அலுத்துக்கொள்ளாத ஓர் உள்ளூர் ஆள் வேண்டும் என்றாள். யாரோ இவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். "நடக்குறது ஒண்ணும் பிரச்னை இல்லீங்க மேடம். வூட்டுல உக்காந்திருக்குறதுதான் பிரச்னை" என்றார் செல்வம். அன்றைக்கே வேலை உறுதியாகிவிட்டது. குன்னத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டார்.

வேலை இதுதான். நரியின் கழுத்துப்பட்டை மணிக்கு ஒரு தரம் தான் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கக் குறித்ததெல்லாம் காலை ஆறு மணிக்குச் செல்வத்தின் போனுக்கு வந்துவிடும். மேப்பில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். நரி நடந்துகொண்டே இருந்தால் புள்ளிகள் வரிசையாகப் போகும். எங்கேயாவது நின்று எதையாவது தின்றிருந்தால் நாலைந்து புள்ளி ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். சிந்து அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னாள். இவர் கொத்து என்றார். பத்து நாளில் அவளும் கொத்து என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

கொத்து விழுந்த இடத்துக்கு அன்றைக்கே போய்விட வேண்டும். நடுவில் நின்று, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருபது தப்படி வரை சுற்றித் தேட வேண்டும். எலும்பு, மயிர், இறகு, எச்சம், எதையாவது இழுத்துப் போன தடம் என்று எது கிடைத்தாலும் எடுக்க வேண்டும். மயிலிறகு கிடைக்கும். வயல் எலியின் வால் கிடைக்கும். நண்டு ஓடு, மக்காச்சோளம், இலந்தைக் கொட்டை, பண்ணைக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன செத்த கோழி என்று எல்லாம் கிடைக்கும். நரி தின்னாத பொருள் எது என்று கேட்டால் செல்வம் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் ஒரே ஒரு கேள்விதான் உயிர்நாடி: கொன்றதா, கிடந்ததா? நரி தானே கொன்று தின்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்று அர்த்தம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால், கடித்த இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் கன்றியிருக்கும். செத்ததைக் கடித்திருந்தால் கன்றாது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு தோலை உரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிந்து போட்ட கட்டளை இன்னொன்றும் உண்டு. மேப்பை வெளியாள் யாருக்கும் காட்டக் கூடாது. "உங்க பொண்ணு கேட்டாக்கூடக் காட்டாதீங்கண்ணா." "அவ எதுக்கும்மா அதைக் கேக்கப் போறா" என்றார் இவர்.

மொத்தம் ஏழு நரிகளுக்குப் பட்டை கட்டினார்கள். இரண்டு, பாடாலூர்ப் பக்கம் நாலு வழிச்சாலையில் லாரியில் அடிபட்டன. மூன்றின் பட்டையில் பேட்டரி தீர்ந்தது. ஒன்று பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. மிச்சம் இருந்தது ஏழாம் நம்பர், ஒரு பெட்டை நரி. வலையில் விழுந்த அன்று, சிந்து பட்டையை மாட்டி முடிக்கிறவரை அதன் கண்ணைத் துண்டால் மூடித் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் செல்வம்தான். எட்டுக் கிலோகூட இல்லை. இன்னொரு உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆரோக்கியம் போன பிறகு ஓர் உயிரை அவ்வளவு நேரம் கையால் பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடம் சொல்ல முடியும்? சிரிக்க மாட்டார்களா?

பெயர் வைக்கக் கூடாது என்று சிந்து சொல்லியிருந்தாள். வைக்கவில்லை. "அவ" என்பார், அவ்வளவுதான். காலையில் கண் விழித்ததும் சிலுவை போட்டுக்கொண்டு போனைத் திறப்பார். நேற்று ராத்திரி அவள் ஏரிக்கரையோடு போயிருக்கிறாள், பருத்திக் கொல்லையில் ஒரு மணி நேரம் எலி பார்த்திருக்கிறாள், விடியும் முன் படுக்கைக்குத் திரும்பியிருக்கிறாள். படித்து முடித்தால் அவருக்கு நிம்மதியாக இருக்கும். பெற்ற மகள் எந்தத் தெருவில், எத்தனாவது மாடியில் இருக்கிறாள் என்று தெரியாது. நரி மணிக்கு மணி எங்கே இருக்கிறது என்று தெரியும். இதை நினைத்தால் அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை கை தானாகப் போனுக்குத்தான் போகும்.

அவருக்கு மனுஷ வாடை என்றால் அது அமாவாசை என்பவன்தான். பூலாம்பாடிக்காரன், முப்பத்தெட்டு வயது, முதலாளி ஒருவரின் இருநூறு ஆடுகளை மேய்க்கிற கூலி ஆள். மக்காச்சோளம் அறுத்த கொல்லைகளில் எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவான். அந்த மாசி மாதம் செல்லப்பன் என்பவரின் கொல்லையில் கிடை இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்தால் செல்வம் நேரே அங்கே போவார். அவன் கம்பங்கூழ் கரைப்பான். இவர் வெங்காயமும் வறுத்த மிளகாயும் கொண்டுபோவார். அவன் பேசிக்கொண்டே இருப்பான். இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். பொண்டாட்டி, மாமியார், மகள் படிக்கிற பள்ளிக்கூடம், ஆட்டுக்கு வருகிற வியாதி என்று அவனுக்கு வாய் ஓயாது. "நீங்க ஒரு ஆளுதாண்ணே நான் பேசுறதை முழுசாக் கேக்குறது" என்பான். உண்மையில் அந்தப் பேச்சைக் கேட்கத்தான் இவர் பகல் முழுக்க வெயிலில் நடந்தார் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

கிடையில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி செத்தால் மேய்ப்பவன் அதன் காதை அறுத்துக் காய வைத்து, முதலாளி வரும்போது காட்ட வேண்டும். காது இல்லையென்றால் குட்டியை விற்றுவிட்டான் என்று அர்த்தம். நரி தூக்கிக்கொண்டு போனால் மட்டும் காது கேட்க மாட்டார்கள். நரி காதையா விட்டுவிட்டுப் போகும்?

ஒரு புதன்கிழமை காலை, வீரம்மாள் டீக்கடையில் அமாவாசை உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். திங்கட்கிழமை ராத்திரி இரண்டு குட்டி, செவ்வாய் ராத்திரி மூன்று குட்டி. நரி தூக்கிவிட்டதாம். சுற்றி நின்றவர்கள் கொதித்தார்கள். "இன்னிக்கு ஆட்டுக்குட்டி, நாளைக்குக் கன்னுக்குட்டி" என்றார் செல்லப்பன். செல்வத்தைப் பார்த்ததும் ஒருவன், "வாய்யா, உன் வளர்ப்பு நரி பண்ணியிருக்குற வேலையைப் பாத்தியா?" என்றான். செல்வம் வாங்கிய டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு ஓரமாகப் போய்ப் போனைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஏழாம் நம்பர் இந்தப் பக்கமே இல்லை. கிழக்கே, அரியலூர் ரோட்டைத் தாண்டி, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கிருந்து ஏழு கிலோமீட்டர் இருக்கும்.

வேறு நரியாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வியாழக்கிழமை காலை போனைத் திறந்தபோது ஏழாம் நம்பர் திரும்பி வந்திருந்தது. கிடைக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓடைப் பள்ளத்தில், ஆறு புள்ளி சேர்ந்த கொத்து. போனார். முள்ளுக்கு அடியில் ஐந்து ஆட்டுக்குட்டிகள் ஒரே குவியலாகக் கிடந்தன. இரண்டை நரி தின்றிருந்தது, மூன்றை இன்னும் தொடவில்லை. செல்வம் கையுறையை மாட்டிக்கொண்டு கடித்த இடங்களில் தோலை உரித்துப் பார்த்தார். எங்கேயும் ரத்தம் கன்றவில்லை. இழுத்து வந்த தடமும் இல்லை. சாக்கில் கொண்டுவந்து கொட்டினால் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தன. தொடாத மூன்றில் ஒன்றுக்கு வலது காது இல்லை. கத்தியால், அடியோடு, நேராக அறுத்திருந்தது.

அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாம் விளங்கிவிட்டது. அமாவாசை ஒரு காதை முறையாக அறுத்திருக்கிறான். இரண்டாவதற்குப் போகும்போது பயம் பிடித்திருக்கிறது. ஒரே நாளில் ஐந்து காதைக் காட்டினால் முதலாளி சும்மா விடுவாரா? "அடப்பாவி, என்னடா பண்ணித் தொலைச்ச" என்று வாய்விட்டுச் சொன்னார்.

நேரே கிடைக்குப் போய்க் கேட்டார். அமாவாசை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். திங்கட்கிழமை அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. நாட்டியம் ஆடுகிறாள், அப்பன் கட்டாயம் வர வேண்டும் என்று அழுதிருக்கிறாள். முதலாளியிடம் கேட்டால் விட மாட்டார். பெரிய ஆடுகளைப் பக்கத்து மேய்ப்பனோடு ஓட்டிவிட்டு, குட்டிகளைக் கூட்டில் அடைத்து நிழலில் வைத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறான். மத்தியானத்துக்குள் நிழல் நகர்ந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் வெயிலில் ஐந்தும் போய்விட்டன.

"மொதலாளிகிட்ட நீயே சொல்லிடு, அமாவாசை. ஞாயித்துக்கிழமைதானே வராரு? இவனுங்க நரிக்கு மருந்து வைக்கிறதாப் பேசிக்கிறானுங்க."

"சொன்னா வேலை போயிடும்ணே. எந்தக் கிடையிலயும் சேக்க மாட்டாங்க. குட்டியை வெயில்ல போட்டுச் சாவடிச்சவன்னு பேராயிடும்." அவன் செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "நரிதானேண்ணே. அதுக்கு என்ன மானமா, மரியாதையா? அது தூக்குச்சுன்னு சொன்னா அதுக்கு என்ன கொறைஞ்சுடப் போவுது?"

"உசுரு போயிடும்யா."

அமாவாசை கையை விட்டுவிட்டான். அன்றைக்குக் கூழ் கரைக்கவில்லை. இவரும் உட்காரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் செல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போய் முழங்காலில் நின்றும் மனசு நிற்கவில்லை. நரியின் பக்கம் பேசினால் ஒரு குடும்பத்தின் வாயில் மண். பேசாமல் இருந்தால் அவள் போய்விடுவாள். சிந்துவுக்குப் போன் போட்டார். வனத்துறைக்குச் சொல்கிறேன், நான் வெளியூரில் இருக்கிறேன், வர நாலு நாள் ஆகும், அதுவரை எப்படியாவது தள்ளிப்போடுங்கள், ஆனால் மேப்பை மட்டும் காட்டாதீர்கள் என்றாள். சனிக்கிழமை செல்லப்பனின் ஆட்கள் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்து வாங்கி வந்துவிட்டார்கள் என்று வீரம்மாள் சொன்னாள். ஞாயிறு மத்தியானம் கறித்துண்டில் கலந்து ஓடைப் பக்கம் வைக்கப் போகிறார்கள்.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போகாமல் செல்வம் டீக்கடைக்குப் போனார். முதலாளி பைக்கில் வந்து இறங்கியிருந்தார். செல்லப்பன் இருந்தார். அமாவாசை தூணில் சாய்ந்து நின்றான். மொத்தம் ஒன்பது பேர். செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குட்டிங்களை நரி கொல்லலீங்க" என்றார்.

கடையே சிரித்தது. "உன் நரிக்கு நீயே வக்கீலாய்யா?" என்றான் ஒருவன். இன்னொருவன், "தெனமும் நரி முகத்துல முழிக்கிறியே, உனக்கு என்னய்யா யோகம் வந்துச்சு? எங்க கண்ணுக்கு ஒருநாள் காட்டு, நாங்களாவது நல்லா இருந்துட்டுப் போறோம்" என்றான். செல்வம் சிரிக்கவில்லை. செத்த குட்டிகளின் படத்தைப் போனில் காட்டினார். அறுந்த காதைக் காட்டி, "நரிகிட்டக் கத்தி ஏதுங்க?" என்றார். முதலாளி முகம் மாறியது. ஆனாலும் செல்லப்பன் விடவில்லை. "படத்தை யாரு வேணும்னாலும் எடுப்பான். நரி அன்னிக்கு இங்க வரலைன்னு உனக்கு எப்புடித் தெரியும்?"

தெரியும். தெரிந்தது உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான். மேப்பைத் திறந்துவிட்டார்.

முதலில் திங்கட்கிழமைப் புள்ளிகளைக் காட்டினார். பிறகு செவ்வாய். "இது சுண்ணாம்புக்கல் குழி. இது ரோடு. இது நம்ம கிடை. எத்தனை தூரம் பாருங்க." ஒன்பது தலைகளும் அவர் கைக்கு மேல் குனிந்தன. "அட! இது பெரிய ஏரியில்ல?" "ஆமா, இது நம்ம மடை!" என்று ஆளாளுக்கு விரலை வைத்தார்கள். "யோவ், இவ்வளவு வெவரமான வேலையா நீ பாக்குற?" என்றார் செல்லப்பனே. யாரோ அவருக்கு இன்னொரு டீ சொன்னார்கள். பத்து வருஷமாக யாரும் செல்வத்தைச் சுற்றி இப்படி நின்றதில்லை. அவர் பேச்சை இத்தனை பேர் வாய் பிளந்து கேட்டதே இல்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காரியம் அங்கேயே முடிந்துவிட்டது. போனை மூடிப் பையில் போட்டிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் காய்ந்து கிடந்தார், இன்னும் ஒரு நிமிஷம் அவர்கள் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார்.

"இப்ப எங்க இருக்குறான்னு பாக்குறீங்களா?" என்றார். கடைசிப் புள்ளியைப் பெரிதாக்கினார். "பகல்ல இங்கதான் படுப்பா. இந்தப் பக்கம் இருந்தா தெனமும் இதே எடந்தான்."

"அட, நம்ம ஊருப் பழைய கல்குழி!" என்றது ஒரு குரல். "அந்தப் பாறைப் பொந்துதானே?"

"அதேதான்" என்றார் செல்வம், சந்தோஷமாக.

மருந்து வைக்கும் பேச்சு அத்தோடு போயிற்று; இனி அவசரமாக வர வேண்டாம் என்று செல்வம் சிந்துவிடமும் சொல்லிவிட்டார். பாவம், வாயில்லாத ஜீவன் மேல் பழி போட்டோமே என்று செல்லப்பன் வருத்தப்படக்கூடச் செய்தார். முதலாளி அமாவாசையை ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் தலையைக் குனிந்தான். அன்று மத்தியானமே கோலையும் போர்வையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டான். செல்வம் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். என்ன சொல்வது என்று தெரியாமல், "பஸ்ஸுக்குக் காசு இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே" என்றான். பஸ் வந்து நின்றதும்தான் திரும்பிப் பார்த்தான். "நரிக்காவது சாட்சி சொல்ல ஒரு ஆளு இருந்துச்சு."

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் நீண்டுபோயின. கிடைக்குப் புது ஆள் வந்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறவன். செல்வம் இரண்டு நாள் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ரூமில் வெங்காயம் முளைவிட்டுக் கிடந்தது. டீக்கடையில் மட்டும் மரியாதை கூடியிருந்தது. "வாங்க செல்வம்" என்று இடம் விட்டார்கள். ஆனால் இடம் விட்டவர்கள் நரியைத் தவிர வேறு எதையும் அவரிடம் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை புள்ளிகள் கல்குழியை விட்டு நகரவில்லை. ராத்திரி முழுக்க ஒரே இடம். வியாழனும் அப்படியே. செல்வம் உடனே சிந்துவுக்குப் போன் போட்டார். அவள் சந்தோஷத்தில் குதித்தாள். "அண்ணா, பங்குனி பொறக்கப் போவுதுல்ல? குட்டி போட்டிருக்கும்! பொந்தை விட்டு வெளியே வராது. தயவுசெஞ்சு கிட்டப் போயிடாதீங்க. மனுஷ வாடை பட்டா குட்டிகளைத் தூக்கிட்டு எடம் மாறிடும்."

அவர் போகவில்லை. நாலு நாள் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. காலையில் போனைத் திறப்பார். புள்ளிகள் இரண்டடி இப்படி, மூன்றடி அப்படி நெருக்கமாகக் கிடக்கும். புரண்டு படுக்கிறாள், பால் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். எத்தனை குட்டி இருக்கும்? நாலா, ஐந்தா? தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் போட்டபோது, "நல்லா இருக்கியாப்பா" என்று அவள் கேட்கும் முன்பே, "ஷாலினி, அவ குட்டி போட்டிருக்கா!" என்றார்.

"யாருப்பா?"

சொன்னார். பட்டையிலிருந்து, ஓடைப் பள்ளத்திலிருந்து, டீக்கடை வரைக்கும் எல்லாம் சொன்னார். ஷாலினி சிரித்தாள். "நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லப்பா" என்றாள். தன் வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று முதல் தடவையாகச் சொன்னாள். முப்பத்தைந்து நிமிஷம் பேசினார்கள். அன்றைக்கு ராத்திரி செல்வம் வயிறாரச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை சிந்து மறுபடி போன் செய்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது. குட்டி போட்ட நரிகூடத் தண்ணீர் குடிக்க வெளியே வரும், இது ஐந்து நாளாக ஒரு தடவைகூட வரவில்லை, பட்டை ஆடுகிறதா என்று காட்டும் கணக்கை இப்போதுதான் திறந்து பார்த்தேன், அது செவ்வாய்க்கிழமை ராத்திரியிலிருந்து ஆடவே இல்லை என்றாள். "புள்ளி சும்மாவே ரெண்டடி மூணடி தப்பாக் காட்டும்ணா. நான் முன்னாடியே பாத்திருக்கணும். போய்ப் பாத்துட்டு வாங்க."

கல்குழிக்குப் போனார். பொந்துக்கு முன்னால் மண் கருகியிருந்தது. சுற்றிலும் தெறித்த ரத்தம் காய்ந்து, எறும்புகூட விட்டுப் போயிருந்தது. வெடி வைத்த மாமிச உருண்டையைக் கடித்திருக்கிறாள். பொந்துக்குள் கையை விட்டுத் துழாவினார். பட்டை கிடைத்தது. அரிவாளால் அறுத்து உள்ளே எறிந்திருந்தார்கள். தலை இல்லை, தோல் இல்லை, கால் நகம் ஒன்றுகூட இல்லை. நரியின் பல்லும் நகமும் வீட்டில் இருந்தால் யோகம் என்று நம்புகிற யாரோ சுத்தமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விரோதத்தில் செய்ததில்லை. அவள் ஆட்டைக் கொல்லவில்லை என்று நன்றாகத் தெரிந்த யாரோதான் செய்தது. கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். எவன் என்று இன்றுவரை தெரியாது.

செல்வம் பாறையில் உட்கார்ந்து அழுதார். யாரும் பார்க்கவில்லை என்பதால் சத்தம் போட்டே அழுதார். பிறகு சிந்துவைக் கூப்பிட்டார். "வெளியாள் யாருக்காவது இந்த எடம் தெரியுமாண்ணா?" என்று கேட்டாள்.

"நாந்தாம்மா காட்டினேன். கேக்கக்கூட இல்ல. நானாத்தான் காட்டினேன்."

அப்புறம் பேசுகிறேன் என்று சிந்து வைத்துவிட்டாள். செல்வம் படிவத்தை எடுத்தார். இடத்தைக் காட்டிக் கொடுத்தது யார் என்று அதில் கேள்வி இல்லை. இருந்தாலும் அடியில் மிச்சமிருந்த இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார்.

இதை யாரிடமாவது சொல்லி ஆக வேண்டும் போல் இருந்தது. மகளிடமா? நேற்றுத்தானே அப்படிச் சிரித்தாள். டீக்கடையிலா? அங்கே யார் முகத்தைப் பார்த்துப் பேசுவது? மறுநாள் காலை பெரம்பலூர் போய், பூலாம்பாடி பஸ் ஏறினார். அமாவாசையிடம் போய், நானும் கூட்டை வெயிலில் வைத்துவிட்டேன்டா என்று சொல்ல வேண்டும். அவன் திட்டட்டும், சிரிக்கட்டும், எதுவும் செய்யட்டும். அவனுக்கு விளங்கும். இந்த உலகத்தில் விளங்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான் என்று நினைத்துக்கொண்டே போனார்.

வெங்காய மண்டியில் இருந்தான். தலையில் சாக்கு, தோளில் மூட்டை. இவரைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டு நின்றான். இளைத்திருந்தான்.

"அமாவாசை, அவ போயிட்டாய்யா. கல்குழியில வெடி வெச்சு…"

அமாவாசையின் முகம் வெளுத்தது. இரண்டடி பின்னால் போனான்.

"நான் இல்லண்ணே" என்றான்.

"அதுக்கு வரலய்யா…"

"எம் பொண்ணு மேல சத்தியமா நான் இல்லண்ணே. அன்னிக்கு பஸ் ஏறுனவன் அந்தப் பக்கமே வரல. மண்டிக்காரரைக் கேளுங்க, தெனமும் இங்கதான் மூட்டை தூக்குறேன்." மண்டியில் மற்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு காட்ட எங் கழுத்துல பட்டை கெடையாதுண்ணே. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, இவரைப் பார்க்காமல், லாரிப் பக்கம் வேகமாகப் போய்விட்டான். ஒருவர் வந்து, "யாருங்க நீங்க? என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் செல்வம் ரோட்டுக்கு வந்து நின்றார். பெரம்பலூர் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.